சங்கத்தில் சேரலாமா? அமெரிக்கக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு கேள்வி

இஷா தொழுகை முடித்து வீடு திரும்பிய நேரத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் நம் மஹல்லாவில் வளர்ந்து, சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. இன்று அங்கே ஒரு சிறிய தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஹஸ்ரத், எங்க காலேஜ்ல பேராசிரியர் சங்கத்தோட கிளை ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. என்னையும் சேரச் சொல்லி ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. அத்தா வேணாங்கிறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அவருடைய அத்தா பள்ளிவாசல் வாசலில் நமக்காகக் காத்திருந்தார். "போன இடத்துல வேலையப் பாத்தமா வந்தமான்னு இருக்கணும் ஹஸ்ரத். விசாவுல இருக்கற புள்ளைக்குச் சங்கம் எதுக்கு? நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. நம் சமுதாயப் பிள்ளைகள் அமெரிக்காவில் ஆய்வு மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரின் மனதில் ஓடுவதும் இதே பயம்தான். எனவே அந்தச் சங்கம் எது, அது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வதே முறை என்று நினைத்தோம்.

ஒரு நியாயமற்ற மனிதருக்காகப் பிறந்த நியாயம்

அந்தச் சங்கத்தின் பெயர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம். சுருக்கமாக ஏ.ஏ.யு.பி. 1915-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் தத்துவ அறிஞர் ஜான் டூயி. அதற்கு விதை விழுந்தது 1900-இல், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில்.

எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் அங்கே பணியாற்றினார். பல்கலைக்கழகத்தை நிறுவிய ரயில்வே முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் விதவை ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்கு அவருடைய மேடைப் பேச்சுகள் பிடிக்கவில்லை. அந்த அம்மையாரின் அழுத்தத்தால் ராஸ் வெளியேற்றப்பட்டார். அதைக் கண்டித்துத் தாமாகவே வேலையை விட்டவர்களில் ஆர்தர் லவ்ஜாய் என்ற இளம் தத்துவ ஆசிரியரும் ஒருவர். 15 ஆண்டுகள் கழித்து டூயியோடு சேர்ந்து இந்தச் சங்கத்தைக் கட்டியவர் அவர்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ராஸ் பேசியவற்றில் ஒன்று, ஜப்பானிய, சீனத் தொழிலாளர்களை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்பது. அதாவது நம்மைப் போன்ற ஆசிய முகங்களே அங்கு வரக்கூடாது என்று சொன்ன மனிதர். அவருடைய கருத்து இனவெறிக் கருத்து, அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பணம் கொடுத்தவர் முகம் சுளித்தால் ஆசிரியரின் சோறு போய்விடும் என்ற நிலை வந்தால், நாளை நல்லதைப் பேசுகிறவரின் சோறும் போகும். லவ்ஜாய் வேலையை விட்டது இந்த நடைமுறையை எதிர்த்துத்தான். ராஸின் கருத்துக்குக் கிடைத்த ஆதரவாக அதைப் பார்க்கக் கூடாது.

1940-இல் கல்லூரிகளின் கூட்டமைப்போடு சேர்ந்து இந்தச் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆய்விலும் வகுப்பறையிலும் ஆசிரியருக்குச் சுதந்திரம் வேண்டும். குடிமகனாக வெளியே பேசும்போது கல்லூரி அவரைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் தாம் கல்லூரியின் சார்பில் பேசவில்லை என்பதை அவர் தெளிவுபடுத்த வேண்டும். தகுதிகாண் காலம் 7 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு தகுந்த காரணமும் விசாரணையும் இல்லாமல் நீக்கக் கூடாது. இவைதான் அதன் சாரம். இன்றும் பல அமெரிக்கக் கல்லூரிகளின் ஆசிரியர் கையேட்டில் இந்த வாசகங்களின் சாயலைக் காணலாம்.

தொழிற்சங்கமா, உரிமைக் கிளையா?

சங்கம் என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடி, கோஷம், வேலைநிறுத்தம் நினைவுக்கு வருகின்றன. இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏ.ஏ.யு.பி. கிளைகள் 2 வகை. ஒன்று, நிர்வாகத்தோடு சம்பளம், பணி நிபந்தனைகள் பற்றிச் சட்டப்படி கூட்டுப் பேரம் நடத்தும் தொழிற்சங்கக் கிளை. மற்றது, பேரம் பேசும் சட்ட உரிமை இல்லாமல் ஆசிரியர் உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் கிளை. நம் தம்பியின் கல்லூரியில் தொடங்குவது இரண்டாவது வகை.

தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே இருப்பதற்குக் காரணம் ஒரு தீர்ப்பு. 1980-இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், அங்குள்ள முழுநேரப் பேராசிரியர்கள் பாடத்திட்டம், சேர்க்கை, நியமனம் போன்றவற்றை முடிவு செய்வதில் பங்கு வகிப்பதால் அவர்களும் நிர்வாகத்தின் ஒரு பகுதியே என்று சொல்லிவிட்டது. நிர்வாகிக்குத் தொழிற்சங்கப் பேர உரிமை கிடையாதல்லவா? அதனால் தனியார் கல்லூரிகளில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொண்டது. அரசுக் கல்லூரிகளின் நிலையை அந்தந்த மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது.

பேர உரிமை இல்லாத கிளைக்கு அப்படியென்ன வேலை? ஆசிரியர் கையேட்டை வரிவரியாகப் படித்து வைத்திருப்பது, ஒருவருக்கு நோட்டீஸ் வந்தால் விதிமுறைப்படி விசாரணை நடக்கிறதா என்று கண்காணிப்பது, ஆசிரியர் பேரவையில் கேள்வி எழுப்புவது, தேவையானால் தலைமைச் சங்கத்துக்கு எழுதுவது. தலைமைச் சங்கம் விசாரணைக் குழு அனுப்பலாம். தவறு உறுதியானால் அந்தக் கல்லூரி நிர்வாகத்தைக் கண்டனப் பட்டியலில் சேர்க்கலாம். அபராதமோ சிறையோ இல்லை. ஆனால் நல்ல பெயரை நம்பி மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஈர்க்கும் நிறுவனங்களுக்கு அந்தப் பட்டியல் உறுத்தலானதுதான்.

நம்மவர்களுக்கு அது என்ன செய்தது?

ஸ்டீவன் சலைத்தாவின் கதையை எடுத்துக்கொள்வோம். ஃபலஸ்தீனப் பூர்வீகம் கொண்ட அமெரிக்கர். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் நிரந்தரப் பணி தருவதாகச் சொன்னதை நம்பி, இருந்த வேலையை ராஜினாமா செய்தார். 2014 கோடையில் காஸா மீது குண்டுகள் விழுந்தபோது ட்விட்டரில் கடுமையாக எழுதினார். ஆகஸ்டில் வேலை இல்லை என்று கடிதம் வந்தது. ஏ.ஏ.யு.பி. விசாரித்து, 2015 ஜூனில் அந்த நிர்வாகத்தைக் கண்டனப் பட்டியலில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழகம் 8,75,000 டாலருக்கு அவரோடு சமரசம் செய்துகொண்டது. ஆனால் அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர் பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

அதற்கு முன் சாமி அல் அரியான். தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் பேராசிரியர், ஃபலஸ்தீனர். 2001 செப்டம்பருக்குப் பிறகு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடர்ந்து வளாகத்துக்குள் வரத் தடை. 2003-இல் பயங்கரவாதக் குற்றச்சாட்டு பதிவானதும் வேலை பறிபோனது. விசாரணையின்றி நீக்கியதற்காக ஏ.ஏ.யு.பி. அந்தப் பல்கலைக்கழகத்தைக் கண்டித்தது. 2005-இல் நடுவர் குழு 17 குற்றச்சாட்டுகளில் 8-இல் அவரை விடுவித்தது. மற்றவற்றில் ஒருமித்த முடிவு வரவில்லை. மறு ஆண்டு ஒரு குற்றச்சாட்டை ஏற்று உடன்படிக்கை செய்துகொண்டார். 2015-இல் துருக்கிக்கு அனுப்பப்பட்டார். சங்கத்தின் கண்டனம் அவரைக் காப்பாற்றவில்லை. அவரை அணுகவே எல்லோரும் அஞ்சிய காலத்தில், விசாரணை இல்லாமல் ஒருவரைத் தூக்கி எறியக் கூடாது என்று பதிவு செய்தது. அவ்வளவுதான். அதைக் குறைவு என்றும் சொல்ல மாட்டோம், போதும் என்றும் சொல்ல மாட்டோம்.

2025 ரமளானில் நடந்தது

அந்தத் தகப்பனாரின் பயத்துக்கு உண்மையான காரணம் பழைய வரலாறு அல்ல. 2025 மார்ச் மாதம், ரமளானில் தொலைக்காட்சியில் அவர் பார்த்த காட்சிகள்.

மார்ச் 17 அன்று இரவு, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த பதர் கான் சூரி வீட்டு வாசலில் கைது செய்யப்பட்டார். டில்லி ஜாமியா மில்லியாவில் படித்த இந்தியர். மார்ச் 25 அன்று, மாசசூசெட்ஸில் இஃப்தாருக்குப் புறப்பட்ட டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ருமெய்ஸா ஓஸ்துர்க்கை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் சூழ்ந்து பிடித்தார்கள். ஓராண்டுக்கு முன் மாணவர் பத்திரிகையில் ஃபலஸ்தீன விவகாரம் பற்றி மற்ற மூவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இருவரும் வெகு தொலைவிலுள்ள தடுப்பு மையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நீதிமன்ற உத்தரவால் மே மாதத்தில்தான் விடுதலையானார்கள்.

ருமெய்ஸா பிடிக்கப்பட்ட அதே மார்ச் 25 அன்று பாஸ்டன் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கலானது. கருத்தைச் சொன்னதற்காக வெளிநாட்டு மாணவர்களையும் ஆசிரியர்களையும் பிடித்து நாடு கடத்தும் கொள்கை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்பது வாதம். தாக்கல் செய்தவர்கள் ஏ.ஏ.யு.பி., அதன் ஹார்வர்டு, நியூயார்க், ரட்கர்ஸ் கிளைகள், மத்தியக் கிழக்கு ஆய்வுச் சங்கம். எதிர்த்தரப்பில் வெளியுறவுத் துறை அமைச்சர் மார்கோ ரூபியோ உள்ளிட்டோர்.

இங்கேதான் சங்கம் என்பதன் பொருள் விளங்குகிறது. விசாவில் இருக்கும் ஒரு தனி மனிதர் அந்த நேரத்தில் தம் பெயரில் அமெரிக்க அரசின் மீது வழக்குப் போடுவாரா? சங்கம் வாதியாக முன்னால் நின்றது. ஜூலையில் நடந்த விசாரணையில் குடியுரிமை இல்லாத சில பேராசிரியர்கள் சாட்சி சொன்னார்கள். ஒருவர் கனடா நாட்டுத் தத்துவ ஆசிரியை. மற்றொருவர் ஜெர்மானிய ஆய்வாளர். கைதுகளைப் பார்த்துத் தாங்கள் எழுதுவதையும், கூட்டங்களுக்குப் போவதையும், வெளிநாட்டுப் பயணங்களையும் குறைத்துக்கொண்டதைச் சொன்னார்கள். பயம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை என்பது அங்கே பதிவானது.

2025 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வில்லியம் யங் தீர்ப்பளித்தார். ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர். சட்டப்படி அந்நாட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்குள்ள அதே பேச்சுரிமை உண்டு என்றும், அரசின் நடவடிக்கை அந்த உரிமையை மீறியது என்றும் எழுதினார். ஒரு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பே இறுதி வார்த்தை ஆகிவிடாது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு வந்ததற்குக் காரணம், யாரோ சிலர் முன்பே சந்தா கட்டி, கூட்டம் போட்டு, ஒரு சங்கத்தை உயிரோடு வைத்திருந்ததுதான்.

ஹார்வர்டிலும் இதையே பார்த்தோம். அரசு நிதியை நிறுத்துவதாக மிரட்டியபோது ஏ.ஏ.யு.பி.யும் அதன் ஹார்வர்டு கிளையும் நீதிமன்றம் சென்ற நாள் ஏப்ரல் 11. பல்கலைக்கழக நிர்வாகம் தன் வழக்கைத் தாக்கல் செய்தது ஏப்ரல் 21. செப்டம்பர் 3-இல் நீதிபதி அலிசன் பரோஸ் இரு தரப்பு வாதங்களையும் கேட்டு, நிதி நிறுத்தம் சட்டவிரோதம் என்றார். உலகின் பணக்காரப் பல்கலைக்கழகம் யோசித்துக்கொண்டிருந்த 10 நாட்களில் ஆசிரியர்கள் படியேறிவிட்டார்கள்.

சங்கத்தின் மறுபக்கம்

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்லாவிட்டால் அது அமானிதத்துக்குத் துரோகம்.

இந்தச் சங்கம் எப்போதும் துணிச்சலாக இருந்ததில்லை. முதல் உலகப்போர் நேரத்தில் போரை எதிர்த்த ஆசிரியர்கள் மீதான கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டது. 1950-களின் கம்யூனிஸ்ட் வேட்டையில் ஆசிரியர்கள் வரிசையாக வேலை இழந்தபோது ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, 1956-இல்தான் கண்டனத் தீர்மானங்களைக் கொண்டுவந்தது. மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது உறங்கியது.

இன்னொன்று, அது காக்க விரும்பும் டென்யூர் என்ற நிரந்தரப் பணி சுருங்கிக்கொண்டே போகிறது. ஏ.ஏ.யு.பி.யின் சொந்தக் கணக்குப்படி, 2021-இல் அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் 68 விழுக்காட்டினர் நிரந்தரமற்ற பணியில் இருந்தார்கள். 1987-இல் அது சுமார் 47 விழுக்காடு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலையில் இருப்பவருக்குக் கண்டனப் பட்டியல் எவ்வளவு தூரம் உதவும்?

நம் தம்பிக்கு இதைவிட நெருக்கமான சிக்கல் உண்டு. அவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். வேலை போனால் அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு வேலையோ வேறு விசா நிலையோ தேட வேண்டும், அல்லது குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். குடியுரிமை பெற்ற பேராசிரியர் இழப்பது வேலையை. இவர் இழப்பது வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும். இருவரும் ஒரே ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாலும் இருவர் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

அபூ குபைஸ் மலையில் ஏறிய வியாபாரி

இதை யோசித்தபோது நம் நினைவுக்கு வந்தது ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்துக்கு முன் மக்காவில் நடந்தது. யமனின் ஸபீத் ஊரைச் சேர்ந்த ஒரு வியாபாரியிடம் சரக்கு வாங்கிய ஆஸ் இப்னு வாயில் பணம் தர மறுத்தார். வந்தவர் வெளியூர்க்காரர். மக்காவில் அவருக்குக் குலம் இல்லை, கேட்க ஆள் இல்லை. அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று முறையிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சில குலத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும் அவருக்கு உரியது கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். பின்னாளில், இஸ்லாத்திலும் அப்படி ஓர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள்.

கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். காக்கப்பட்டவர் விசா இல்லாத காலத்தின் விசாக்காரர். இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி நமக்குத் தெரியவில்லை.

அதே சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. மலையில் ஏறியது வெளியூர்க்காரர்தான், ஆனால் ஆஸின் வீட்டுக்குப் போய்ப் பணத்தை வாங்கித் தந்தது குலபலம் உள்ளவர்கள். பலமுள்ளவர் முன்னால் நிற்பதும் பலவீனமானவர் பின்னால் நிற்பதும் கோழைத்தனம் ஆகாது. அது ஒரு ஒழுங்கு.

நாம் சொன்ன பதில்

தம்பியை மீண்டும் அழைத்தோம். இது ஃபத்வா அல்ல, ஒரு பெரியவரின் ஆலோசனை என்று சொல்லித்தான் தொடங்கினோம்.

"சேருங்க தம்பி. ஆனா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுச் சேருங்க" என்றோம். விவரமாகச் சொன்னவை இவை.

முதலில் கல்லூரியோடு தொடர்பில்லாத குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தையும் ஆசிரியர் கையேட்டையும் முழுதாகப் படியுங்கள். நீக்கத்துக்கும் புதுப்பிக்காமைக்கும் என்ன நடைமுறை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சேருவதற்கு முன் கிளைக்காரர்களிடம் 2 கேள்விகள் கேளுங்கள். உறுப்பினர் பட்டியலை யார் பார்ப்பார்கள்? விசாவில் இருப்பவருக்குப் பிரச்சினை வந்தால் முதல் 60 நாட்களில் நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அந்தப் பதிலை உருவாக்குவதே கிளையின் முதல் வேலையாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

செய்தித் தொடர்பாளர், செயலாளர் பொறுப்புகள் டென்யூரும் குடியுரிமையும் உள்ளவர்களுக்கு இருக்கட்டும். நீங்கள் கையேட்டைப் படிக்கும் வேலையையும், குறிப்பெடுக்கும் வேலையையும் செய்யுங்கள். வெளியே எழுதினால், கல்லூரியின் சார்பில் எழுதவில்லை என்று ஒரு வரி சேருங்கள். கோபத்தில் இரவில் எழுதியதைக் காலையில் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, இது நம் பிரச்சினைக்கு மட்டுமான சங்கம் இல்லை. நாளை உங்களுக்குச் சற்றும் பிடிக்காத கருத்துடைய ஒருவருக்கு விசாரணை இல்லாமல் நோட்டீஸ் வந்தால், அவருக்கும் விசாரணை வேண்டும் என்று கை தூக்க வேண்டியிருக்கும். அவர் சொன்னதைக் கண்டியுங்கள், அவருக்கு உரிய விசாரணையைக் கேளுங்கள். அதற்கு மனம் இடம் தராவிட்டால் சேராதீர்கள். நமக்குத் தேவைப்படும்போது மட்டும் நீதியைத் தேடுகிறவர்களாக நாம் இருக்கக் கூடாது.

அத்தாவிடம் பேசியதுதான் கடினமாக இருந்தது. "ஏதாவது ஆச்சுன்னா அந்தச் சங்கம் என் புள்ளைக்குச் சோறு போடுமா ஹஸ்ரத்?" என்று கேட்டார். போடாது என்றுதான் சொன்னோம். பொய் சொல்லி ஆறுதல் தர முடியாது. "ஆனா சேராம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது எழுதித் தருவாங்களா? அந்தப் பொண்ணு எந்த அமைப்பைக் காட்டியா பிடிச்சாங்க? பேப்பர்ல வந்த ஒரு கட்டுரைக்குத்தானே? தனியா இருக்கறப்ப வர்ற சோதனைக்கும், நாலு பேரு கூட இருக்கறப்ப வர்ற சோதனைக்கும் வித்தியாசம் இருக்கு பாய்" என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்னு கேக்கச் சொல்லுங்க. அதை நான் அனுப்பறேன்" என்றார்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் வழக்கமாகச் சொல்வது, வாயைத் திறக்காதே என்பதுதான். அந்த அறிவுரை அன்பிலிருந்து வருகிறது. ஆனால் அது பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகிறது. யாரோடு சேர்ந்து நிற்கிறாய், அவர்கள் எப்படிப்பட்டவர்கள், உன் வழக்கறிஞர் யார் என்று நாமும் கேட்கத் தொடங்க வேண்டும். அந்த அத்தா வழக்கறிஞரின் செலவைக் கேட்டபோது அதைத்தான் தொடங்கினார். அல்லாஹ் நம் பிள்ளைகளையும், உலகெங்கும் சொல்லுக்காகச் சிறைப்பட்டவர்களையும் பாதுகாப்பானாக.